குழந்தை கைமாறும் இடங்கள்

ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கிறார்கள். அந்த அழைப்பிலிருந்து, அந்தக் குழந்தை பயமில்லாமல் தூங்க ஓரிடம் அமையும் வரை காவல் நிலையம், குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அரசு மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், சில நேரம் வேறு மாநிலத்தின் நலக் குழு என்று ஐந்தாறு கை மாற வேண்டியிருக்கிறது. யாருக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரத்துக்குள், எந்தப் படிவத்தில் என்பதையெல்லாம் இளைஞர் நீதி (குழந்தைகளின் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 விரிவாகவே சொல்லியிருக்கிறது. சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் நழுவுவது ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும் இடைவெளியில்தான். ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், இளம் வழக்கறிஞர், பக்கத்து வீட்டுக்காரர் என யார் படித்தாலும் பயன்பட வேண்டும் என்பதால் பிரிவு எண்களையும் சேர்த்தே எழுதுகிறேன். பிரிவைச் சொல்லிக் கேட்பவருக்கு அலுவலகத்தில் கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும்.

1098 சேவை 1996-ல் மும்பையில் தொடங்கியது. நெடுங்காலம் அந்தந்த ஊர்த் தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் நடந்தது. 2023-லிருந்து அரசே நேரடியாக ஏற்று, 112 அவசர எண்ணோடு இணைத்தது. பொறுப்பு அரசிடம் இருப்பது கொள்கையளவில் சரிதான். ஆனால் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வருடக்கணக்கில் நடமாடி, எந்தப் பையன் வீட்டை விட்டு ஓடி வந்தவன், யார் அவனை வேலைக்கு இழுத்துப் போகப் பார்க்கிறார் என்று பார்த்ததும் புரிந்துகொள்ளும் களப்பணியாளர்கள் பலர் அந்த மாற்றத்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்தை ஆள்சேர்ப்பு அறிவிக்கையால் ஈடுகட்ட முடியாது.

அழைக்கும்போது குழந்தையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இடத்துக்கு அடையாளம், தோராயமான வயது, இப்போது கூட இருப்பவர் யார், காயம் தெரிகிறதா, வீட்டில் வேறு குழந்தைகள் உண்டா, இன்று இரவு அந்த வீட்டில் இருப்பது ஆபத்தா ஆகியவற்றைச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் ஆட்கள் இன்றே கிளம்புவார்களா, நாளை பார்ப்பார்களா என்பதைத் தீர்மானிக்கும். அழைப்புப் பதிவு எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே நலக் குழுத் தலைவருக்கு ஒரு பக்க மனுவும் அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னது மறக்கப்படலாம், முத்திரை குத்தி வாங்கிய மனு கோப்பில் இருக்கும்.

பெற்றோர் இல்லாமலோ, கைவிடப்பட்டோ ஒரு குழந்தையைக் கண்டவர் யாராக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 32. மருத்துவமனை, பிரசவ விடுதி நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதிகம் மீறப்படுவது இந்தப் பிரிவுதான். பிரசவம் முடிந்த கையோடு "நல்ல குடும்பம், வசதியானவங்க, குழந்தை நல்லா இருக்கும்" என்று சொல்லிக் குழந்தையைக் கைமாற்றிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது சட்டவிரோதத் தத்து. பணம் கைமாறினால் குழந்தை விற்பனை. வளர்க்க முடியாத தாய் நலக் குழு முன் ஒப்படைக்க வழி இருக்கிறது. மனம் மாற அவருக்கு 60 நாள் அவகாசமும் உண்டு. இதைப் பிரசவ வார்டுச் சுவரில் எழுதி வைத்தாலே பல குழந்தைகள் தப்பும்.

நலக் குழு முன் குழந்தையை நிறுத்தவும் 24 மணி நேரம்தான் கெடு, பயண நேரம் நீங்கலாக. காவலர்தான் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. சமூகப் பணியாளர், செவிலியர், மருத்துவர், பொதுநல அக்கறை உள்ள யாரும் கொண்டுவரலாம், குழந்தை தானே வந்தும் நிற்கலாம். இங்கே அடிக்கடி கேட்கும் பதில், "குழு திங்கட்கிழமைதான் உட்காரும், அப்போ கூட்டிட்டு வாங்க." ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட குழு மாதம் 20 நாளாவது கூட வேண்டும். கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன் குழந்தையை நிறுத்த பிரிவு 28 இடம் தருகிறது. எனவே வெள்ளிக்கிழமை மாலை மீட்ட குழந்தையைத் திங்கள் வரை காவல் நிலைய பெஞ்சில் உட்கார வைக்க எந்தக் காரணமும் இல்லை. உறுப்பினரின் கைபேசி எண் உங்களிடம் இருக்கட்டும்.

இறுதி உத்தரவு போடும்போது குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருந்தாக வேண்டும். மூன்றாண்டுப் பதவிக்காலம் முடிந்து புதியவர்களை நியமிக்கத் தாமதமானால், அந்த மாவட்டத்துக் கோப்புகள் அப்படியே நிற்கும். முதல்வகுப்பு நீதித்துறை நடுவருக்குச் சமமான அதிகாரம் கொண்ட ஓர் அமைப்பை, ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருப்பதை யாரும் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. நடுவர் நீதிமன்றத்தை அப்படிக் காலியாக விட்டு வைப்போமா?

முதல் நாள் நிரப்பப்படும் அறிக்கை, மத்திய மாதிரி விதிகளில் படிவம் 17. இதில் நடக்கும் பிழை சிறியதாகத் தெரியும், விளைவோ பெரியது. குழந்தை சொன்னது ஒன்று, எழுதப்படுவது ஒன்று. "மாமா ராத்திரி குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு, அதான் ஓடி வந்தேன்" என்று குழந்தை சொல்கிறது. படிவத்தில் "குடும்பச் சூழல் காரணமாக வீட்டை விட்டு வெளியேறிய குழந்தை" என்று ஏறுகிறது. அடுத்தடுத்த அதிகாரிகள் அந்த வரியைத்தான் படிப்பார்கள். மூன்று வாரம் கழித்து மாமாவே வந்து, "இனி நல்லா பாத்துக்கறோம்" என்று கையெழுத்துப் போட்டால் அவரிடமே குழந்தையை ஒப்படைத்துவிடுவார்கள். ஆகவே குழந்தையின் சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதச் சொல்லுங்கள். காயம் இருந்தால் எந்த இடத்தில், எந்த நிறத்தில், எத்தனை என்பதும் பதிவாகட்டும். ஒரு வாரத்தில் நிறம் மாறி, இரண்டு வாரத்தில் மறைந்துவிடும்.

அடுத்தது சமூக விசாரணை, அதாவது குழந்தையின் குடும்பச் சூழலை விசாரிப்பது. 15 நாளில் அறிக்கை வர வேண்டும், நான்கு மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போட வேண்டும் (பிரிவு 36). இந்த அறிக்கைதான் குழந்தையின் தலையெழுத்தையே தீர்மானிக்கிறது. ஆனால் அதை எழுத ஆள் எத்தனை? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியிட வரைவில் சமூகப் பணியாளர் இருவர், புறத்தொடர்புப் பணியாளர் இருவர். ஒரு முழு மாவட்டத்துக்கு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. இவர்களேதான் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போக வேண்டும், நிதி ஆதரவு விண்ணப்பங்களைச் சரிபார்க்க வேண்டும், பள்ளிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும். விளைவாக, பல விசாரணை அறிக்கைகள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. வீட்டுக்குப் போகாமலே, பெற்றோரை அலுவலகத்துக்கு வரவழைத்து எழுதியவை அவை.

உருப்படியான அறிக்கையில் சில விஷயங்கள் கட்டாயம் இருக்கும். முன்னறிவிப்பில்லாமல் ஒரு முறையாவது வீட்டுக்குப் போன பதிவு, பள்ளி வருகைப் பதிவேட்டில் எந்த மாதத்திலிருந்து குழந்தை வராமல் போனது என்ற விவரம், வகுப்பாசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் சொன்னது, வீட்டில் யார் எங்கே தூங்குகிறார்கள் என்பது, குழந்தை அஞ்சும் நபர் அதே வீட்டில் இருக்கிறாரா என்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடன்பிறந்தவர்கள். மூத்த பெண்ணை மீட்டு இல்லத்தில் சேர்த்துவிட்டு, அதே வீட்டில் இருக்கும் ஒன்பது வயதுத் தங்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத அறிக்கைகள் உண்டு. மூத்தவள் போனதும் அந்தக் கொடுமை யார் பக்கம் திரும்பும் என்று கேட்கத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டம், 2012 கூடவே வருகிறது. காவல் நிலையம் 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசிப்பவராக இருந்தால், குழந்தையை அங்கிருந்து எடுக்க வேண்டுமா என்று குழு மூன்று நாளில் முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் முதல் தகவல் அறிக்கையின் நகல் மட்டும் தபாலில் வந்து சேர்கிறது. உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்கு சிறப்பு நிவாரணம் தரக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்தில் பணம் தரப்பட வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு விதிகள். கூலி வேலைக்குப் போகும் தாய், மகளுக்காக மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து நாள்கூலியை இழப்பதால்தான் பல வழக்குகளில் குடும்பமே பின்வாங்குகிறது. இந்தச் சிறு தொகை அங்கே எவ்வளவு தாங்கும்! கேட்டால்தான் கிடைக்கிறது, கேட்கலாம் என்பது யாருக்கும் தெரிவதில்லை. அதேபோல, விசாரணை முடியும் வரை குழந்தையின் கூடவே இருக்கும் ஆதரவு நபர். இதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. நலக் குழுவிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

இனி, அமைப்பின் பெரிய கோளாறுக்கு வருகிறேன். வறுமையையும் ஆபத்தையும் இந்த அமைப்பு பிரித்துப் பார்ப்பதில்லை. கணவனை இழந்த ஒரு பெண், மூன்று பிள்ளைகள், பனியன் கம்பெனியில் வேலை, இரவு ஷிப்ட். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இரண்டு பேரை இல்லத்தில் சேர்க்கிறார். அந்த வீட்டில் கொடுமை எதுவும் இல்லை, பணம்தான் இல்லை. ஆனால் பிள்ளைகள் தாயிடமிருந்து பிரிகிறார்கள். இன்னொரு பக்கம் சொந்த வீடு, நிலம், நாலு பேருக்குத் தெரிந்த குடும்பம் என்றால், உள்ளே நடப்பது எதுவானாலும் "குடும்ப விவகாரம்" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவே சொல்கிறது. நடப்பில் அதுதான் முதல் வழி, காரணம் ஒரே கையெழுத்தில் வேலை முடிகிறது.

தாயிடமே பிள்ளையை விட்டு வைக்கப் பணம் தரும் ஏற்பாடு இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் நிதி ஆதரவு, குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், கடும் நோயில் இருக்கும் பெற்றோர், பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டி ஆகியோர் விண்ணப்பிக்கலாம். தமிழக அரசும் 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தொடங்கி மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இந்த வருமான வரம்பைப் பாருங்கள். 72,000 என்றால் மாதம் 6,000. நூறு நாள் வேலையும் விவசாயக் கூலியும் சேர்ந்தாலே சில மாதம் அதைத் தாண்டிவிடும். தாண்டினால் 4,000 கிடைக்காது, ஆனால் பிள்ளையை இல்லத்தில் சேர்க்கத் தடையில்லை. இல்லத்தில் ஒரு பிள்ளையின் பராமரிப்புக்கு அரசு மாதம் 3,000 தருகிறது, அதற்கு மேல் ஊழியர் சம்பளம், கட்டடம். பிரித்து வைக்கப் பணம் இருக்கிறது, சேர்த்து வைக்க வரம்பு இருக்கிறது.

இதன் மறுபக்கமும் நடந்தது. 2020 செப்டம்பரில் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழகம் உட்பட எட்டு மாநிலங்களிடம், இல்லங்களில் இருப்பவர்களை 100 நாளில் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது. நாட்டின் இல்லங்களில் இருந்த 2.56 லட்சம் குழந்தைகளில் 1.84 லட்சம் பேர் அந்த எட்டு மாநிலங்களில் இருந்தார்கள். கொரோனாவில் வேலையிழந்து நிற்கும் வீடுகளுக்கு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் போடாமல் அனுப்புவது மீட்பு ஆகாது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தரச் சொல்ல வேண்டியிருந்தது.

இல்லங்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வியில் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. மாமல்லபுரத்து ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக 2007-ல் பத்திரிகையில் வந்த செய்தி உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 மே 5-ஆம் தேதி தீர்ப்பானது. எல்லா இல்லங்களையும் பதிவு செய்வது, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம், சமூகத் தணிக்கை என நாடு முழுமைக்குமான உத்தரவுகள் அதில் வந்தன. செய்திக்கும் தீர்ப்புக்கும் இடையே பத்தாண்டு. அன்று எட்டு வயதாக இருந்த குழந்தை தீர்ப்பு வரும்போது வயது வந்தவர்.

தணிக்கை என்ன செய்ய முடியும் என்பதற்கு பிஹாரின் முசாஃபர்பூர் சான்று. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு இல்லம் இல்லமாகப் போய், பிள்ளைகளோடு தனியாக உட்கார்ந்து பேசி 2018-ல் கொடுத்த அறிக்கையால்தான் அங்குள்ள பெண் குழந்தைகள் இல்லத்தில் நடந்தது வெளியே வந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் அந்த மாவட்ட நலக் குழுவின் தலைவர், உறுப்பினர், குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி ஆகியோரும் உண்டு. ஆய்வு செய்ய வேண்டியவர்களே குற்றத்தில் பங்காளிகளாக இருந்ததால், வழக்கமான ஆய்வுப் படிவங்களால் அந்தக் கொடுமை வெளிவர வழியே இருக்கவில்லை.

இங்கே மதுரையில் 2021 ஜூனில் ஓர் இல்லத்திலிருந்து குழந்தைகள் விற்கப்பட்டது தெரியவந்தது. ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி மயான ரசீது காட்டப்பட்டிருந்தது. 2022 அக்டோபரில் திருப்பூர் அருகே திருமுருகன்பூண்டியில் ஓர் இல்லத்தில் சாப்பிட்ட மூன்று சிறுவர்கள் இறந்து, மற்றவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டுக்கும் முன்பே யாராவது உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். நலக் குழு மாதம் இரண்டு முறை இல்லங்களைப் பார்வையிட வேண்டும். ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு பெண், ஒரு மருத்துவ அலுவலர் உட்பட மூன்று பேருக்குக் குறையாமல் போய், ஒரு வாரத்தில் அறிக்கை தர வேண்டும் (பிரிவு 54).

முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போகும் ஆய்வில் புதுப் போர்வையும் கேசரியும்தான் கண்ணில் படும். போகிறவர்கள் பார்க்க வேண்டியவை வேறு. பதிவேட்டின் எண்ணிக்கையும் தலை எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா, இல்லாத குழந்தை எங்கே, யார் உத்தரவில் போனது. இரவில் படுக்கை அறைக்குப் பக்கத்தில் தூங்கும் பெரியவர் யார், அவர் பெயர் ஊழியர் பட்டியலில் உண்டா. விரலிடுக்கில் சிரங்கு இருக்கிறதா. இருந்தால் தண்ணீரும் துணியும் போதவில்லை என்று பொருள். ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்பது விதி. உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒவ்வொரு கதவையும் தொட்டுப் பாருங்கள். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளையை என்ன செய்கிறார்கள் என்று சமையல்காரரிடம் கேளுங்கள், உண்மை வரும். பிறந்தநாள், நினைவுநாள் என்று வெளியிலிருந்து வரும் சாப்பாட்டை எத்தனை மணிக்கு வாங்கி எத்தனை மணிக்குப் பரிமாறினார்கள் என்று குறிப்பு இருக்கிறதா.

அப்புறம் குழந்தைகளின் புகார்ப் பெட்டி. அது அலுவலக அறைக்கு அருகில் இருக்கக் கூடாது, பிள்ளைகள் தங்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை குழந்தைகள் குழுவின் முன்னிலையில் திறக்க வேண்டும். பல இடங்களில் பெட்டி கண்காணிப்பாளர் மேசைக்கு நேர் எதிரே தொங்கும், சாவி அவர் டிராயரில் இருக்கும். யாரைப் பற்றிப் புகாரோ அவரே திறக்கும் பெட்டியில் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்?

சட்டத்திலேயே இருக்கும் ஓட்டை என்று சொன்னேனே, அது இளைஞர் நீதிச் சட்டத்துக்கு வந்த 2021 திருத்தம். 2022 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களை, காவல்துறை தானாக வழக்குப் பதிய முடியாத குற்றங்களாக அது மாற்றிவிட்டது. பிள்ளையைப் பிச்சையெடுக்க வைப்பது, போதைப்பொருள் கொடுப்பது, குழந்தையை விற்பது, இல்லத்து ஊழியரே குழந்தையைக் கொடுமைப்படுத்துவது எல்லாம் இதற்குள் வருகின்றன. நடுவரின் உத்தரவு வாங்கிய பிறகே புலனாய்வு. புகார் கொடுக்கப் போகும் ஏழைத் தாயை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினால் அவர் வீட்டுக்குத்தான் போவார். பல மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையங்களே இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. இப்போதைக்கு வழி, புகாரில் நடந்ததை முழுமையாக எழுதுவது. கடத்தல், சுரண்டல், காயம், பாலியல் சீண்டல் எது இருந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது), போக்சோ பிரிவுகளில் உடனே வழக்குப் பதிய முடியும். ஒரே குற்றத்தோடு புகாரைச் சுருக்கிவிடாதீர்கள்.

வடமாநிலச் சிறுவர்கள் மில்களிலும் பட்டறைகளிலும் மீட்கப்படும்போது முதலாளி ஆதாரை நீட்டுவார், அதில் வயது 19 இருக்கும். பிரிவு 94 சொல்லும் வரிசையில் ஆதார் இல்லை. பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை. சொந்த ஊருக்கு அனுப்பும் உத்தரவு வந்தால் 15 நாளில் சிறார் காவல் பிரிவு வழித்துணையோடு அழைத்துப் போக வேண்டும், பெண் குழந்தையோடு பெண் காவலர் போக வேண்டும். பயணப்படி முன்கூட்டியே தரப்பட வேண்டும் என்று பிரிவு 95 சொல்லியும், காவலர் கைக்காசைப் போட்டுப் போக வேண்டியிருப்பதால் இந்த 15 நாள் பல வாரங்களாக நீள்கிறது. ஊர் போய்ச் சேர்ந்த பிள்ளை அதே தரகரோடு திரும்பி வராமல் பார்க்க, அந்த ஊர் நலக் குழுவுக்குக் கோப்பும் சேர்ந்து போக வேண்டும். பிள்ளை மட்டும் போகிறது.

நலக் குழுவின் உத்தரவு தவறு என்று தோன்றினால் 30 நாளில் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு (குழந்தையை வேறொரு குடும்பத்தில் விட்டு வளர்ப்பது), நிதி ஆதரவு சார்ந்தவை என்றால் மாவட்ட ஆட்சியரிடம். குழு கூடவே இல்லை, மரியாதையில்லாமல் நடத்தினார்கள் என்பன போன்ற குறைகளுக்கும் ஆட்சியர்தான், பிரிவு 27-ன் கீழ். திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்தால் எண் கிடைக்கும், பின்தொடரலாம்.

கடைசிக் கைமாற்றம் 18 வயதில். இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்குப் பிற்காப்பு உதவி மாதம் 4,000 ரூபாய் 21 வயது வரை, சில நேரம் 23 வரை கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் தயாரிப்பு 16 வயதிலேயே தொடங்கினால்தான் அது கைக்கு வரும். தாமதமாவது பெரும்பாலும் சான்றிதழ்களால். பெற்றோர் ஆவணம் இல்லாத பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும். அது இல்லாமல் கல்லூரியில் இடஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே நலக் குழு உத்தரவின் நகல், பள்ளி மாற்றுச் சான்று, இல்லத்தின் கடிதம் மூன்றையும் வைத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும், இல்லத்தோடு கூட்டாக வேண்டாம். ஆதாரில் இல்லத்தின் முகவரி இருந்தால் வெளியேறும் முன் என்ன முகவரிக்கு மாற்றுவது என்பதையும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, தனிப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதி, மாவட்ட அலகின் கையெழுத்தோடு ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.